நாப்கின் கணக்கு குறைந்தது ஏன்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், நாப்கின் தயாரிக்கும் மகளிர் குழுவின் உறுப்பினர்கள் மூன்று பேர் மாறி மாறிப் பேசியது. அவர்களே எழுதியும் கொடுத்தார்கள்.)



எங்களை இங்கே பேசச் சொன்னது நாப்கின் தொழிலைப் பற்றி. எவ்வளவு முதல் போட்டோம், எவ்வளவு கடன், எவ்வளவு லாபம் என்று சொல்லச் சொன்னார்கள். அதையும் சொல்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை இதுவரை எந்த மேடையிலும் நாங்கள் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட உறுப்பினரிடம் கேட்டு, அவர் "பேரை மட்டும் விட்டுடுங்க, மத்ததெல்லாம் சொல்லுங்க" என்று சொன்ன பிறகுதான் வந்திருக்கிறோம். மைக் செட்டுக்கார தம்பி எழுந்து வெளியே போகப் பார்க்கிறார். நீங்க உட்காருங்க தம்பி. உங்க வீட்டிலயும் அம்மா, அக்கா இருக்காங்க.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. சுயஉதவிக் குழு என்பதே நம் தமிழ்நாட்டில் முதலில் 1989-ல் தருமபுரியில்தான் ஆரம்பித்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் 14 பேர். அதில் 8 பேர் சேர்ந்து 2013-ல் நாப்கின் தயாரிக்க ஆரம்பித்தோம். கோயம்புத்தூர் முருகானந்தம் அவர்கள் கண்டுபிடித்த சின்ன மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் எங்களுக்கு அந்த எண்ணமே வந்தது. 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது, ஏதோ எங்கள் வீட்டு ஆளுக்கே கொடுத்த மாதிரி நாங்கள் மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டோம்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மரக்கூழ் அட்டையாக வரும். அதைக் கிழித்து அரைத்தால் பஞ்சு மாதிரி ஆகும். அதை அச்சில் போட்டு அழுத்தி, மேலே மெல்லிய துணி சுற்றி, அடியில் ஈரம் இறங்காத தாள் வைத்து, சூட்டில் ஓரம் ஒட்டி, புற ஊதா விளக்குப் பெட்டியில் வைத்து எடுத்து, எட்டு எட்டாக பாக்கெட் போட வேண்டும். பஞ்சு அரைக்கும் அறையில் மட்டும் மூக்கைக் கட்டிக்கொள்ளாவிட்டால் தும்மல் தாங்காது.

விற்பதுதான் கஷ்டம். செய்கிறவர்கள் இதை மேடையில் சொல்ல மாட்டார்கள், நாங்கள் சொல்கிறோம். 2012-லிருந்து வளரிளம் பெண்களுக்கு அரசாங்கமே புதுயுகம் திட்டத்தில் இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம், நம் பிள்ளைகளுக்குத்தான் வந்தது. ஆனால் எங்கள் பாக்கெட்டை வாங்க ஆள் குறைந்தது. 2019 ஆகஸ்டில் மக்கள் மருந்தகத்தில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய் என்று வந்தது. எங்களுக்கோ அடக்க விலையே அதைவிட அதிகம். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றார்கள். நாங்களும் கை தட்டினோம். மரக்கூழுக்கும் தாளுக்கும் நாங்கள் கட்டுகிற வரி அப்படியே இருக்கிறது, அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது என்று கணக்கு எழுதுகிறவர் சொன்ன பிறகு தட்டிய கையை எடுத்துவிட்டோம். ஒரு ஆஸ்பத்திரிக்கு மொத்தமாகச் சரக்கு கொடுத்தோம். பணம் வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் வட்டி கட்டியது நாங்கள். ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிற சகோதரிகள் மெஷின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், ஆறு மாதம் கையில் வைத்துக்கொள்ள பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் தாக்குப்பிடித்து நிற்கிறோம் என்றால் அதற்குக் காரணம் கணக்குதான். மாதக் கடைசியில் ஒவ்வொரு பாக்கெட்டையும் எண்ணுவோம். செய்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, சேதம் எவ்வளவு, மீதி எவ்வளவு. நாலும் நேராக வர வேண்டும்.

2022-ல் அது நேராக வரவில்லை.

முதல் மாதம் ஆறு பாக்கெட் குறைந்தது. எண்ணியதில் தப்பு என்று விட்டோம். அடுத்த மாதம் ஏழு. சேதக் கணக்கும் ஏறிக்கொண்டே போனது. ஓரம் சரியாக ஒட்டாதது, அச்சு கோணலானது என்று எழுதி வைத்திருந்த நாப்கின்களை எண்ணிப் பார்த்தால் அதிலும் பாதியைக் காணோம். பணமாகப் பார்த்தால் மாதம் இருநூறு ரூபாய்க்குள்தான். ஆனால் குழுவில் இருநூறு ரூபாய் என்பது இருநூறு ரூபாய் இல்லை. யார் மேல் சந்தேகம் வருகிறது என்பதுதான் பேச்சு.

சந்தேகம் ஓரம் ஒட்டும் மெஷினில் உட்காருகிற அக்கா மேல் வந்தது. அவர் மாதத்தில் நாலு நாள், ஐந்து நாள் வேலைக்கு வருவதில்லை. வந்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அடிக்கடி வெளியே போய்விட்டு வருவார். எங்களில் ஒருவர் கூட்டத்திலேயே, "வெளியே கொண்டு போய் யாருக்கு விக்கறீங்கக்கா?" என்று கேட்டுவிட்டார். அப்படிக் கேட்டவர் இதோ இந்த மேடையில் நம் மூவரில் ஒருவராக நிற்கிறார். அதனால் மறைக்க ஒன்றும் இல்லை.

அந்த அக்கா சண்டை போடவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தார், நிற்க முடியவில்லை. அப்படியே பாயில் சரிந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோதுதான் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தோம். புடவையெல்லாம் நனைந்து பாய் வரைக்கும் ரத்தம்.

பிறகுதான் சொன்னார். ஒன்றரை வருடமாகப் பெரும்பாடு. மாதத்துக்குப் பத்து நாள், பன்னிரண்டு நாள் போகிறது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்துவிடும். ராத்திரியில் நாப்கினுக்கு மேல் பழைய வேட்டித் துணியையும் வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பாராம். மாதம் இரண்டு பாக்கெட் காசு கொடுத்து வாங்கினார். அது இரண்டு நாளைக்குக்கூடப் போதாது. பன்னிரண்டு பாக்கெட் கேட்டால், "இத்தனை எதுக்கு?" என்று நாங்கள் கேட்போமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு, சேதம் என்று எழுதிய நாப்கின்களை எடுத்துப் போயிருக்கிறார். அது போதாதபோது நல்ல பாக்கெட்டும்.

இதை யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத்தில், கிராம சபையில், "மாதவிலக்கைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள்" என்று படம் காட்டிப் பேசிய குழு நாங்கள். எங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எங்களிடம் பேச வெட்கப்பட்டிருக்கிறாள். நாப்கினைத் தயாரிப்பது வேறு, அதைப் பற்றிப் பேசுவது வேறு என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தபோது, எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் வீட்டில் துணிதான் வைத்துக்கொண்டிருந்தோம். "விக்கிற பொருளை நாமே எடுத்துட்டா காசு எப்படி வரும்?" என்ற நினைப்பு. துணி வைப்பது தப்பில்லை. சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் துணி நல்லதுதான். ஆனால் யார் வெயிலில் போடுகிறோம்? பாவாடைக்கு அடியில், கொட்டகை மூலையில், ஆள் பார்க்காத இடத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைத்தான் மறுபடி எடுத்து வைக்கிறோம்.

மறுவாரக் கூட்டத்தில் அந்த அக்கா ஒரு கடன் மனு கொடுத்தார். ஏற்கெனவே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். "கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, பையை எடுத்துவிட வேண்டும், விட்டால் கேன்சர் ஆகிவிடும்" என்று சொல்லி 45,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர், "புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். உள்கடனாக எங்களிடம் 25,000. மீதிக்குத் தோட்டை வைத்து மூன்று வட்டிக்கு வாங்குவதாக ஏற்பாடு. அவருக்கு அப்போது 41 வயது.

நாங்கள் கடன் கொடுத்திருப்போம். உண்மையைச் சொல்கிறோம், அன்றைக்கே தீர்மானம் போட்டுக் கொடுத்திருப்போம். தப்பாகப் பேசிவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி வேறு. ஆனால் கணக்கு நோட்டை எடுத்துப் பழைய கடன்களைப் புரட்டியபோது எங்கள் பிரதிநிதிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆஸ்பத்திரி செலவு, ஆஸ்பத்திரி செலவுன்னே எழுதியிருக்கே, எதுக்கு வாங்கினோம் எல்லாரும்?" என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். 14 பேரில் நாலு பேர் கர்ப்பப்பை எடுக்க வாங்கியிருக்கிறோம். ஒரே குழுவில் வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து சந்தா கட்டுகிறோம், அது எங்களுக்கே தெரியவில்லை. அதில் ஒருவருக்கு ஆபரேஷன் நடந்தபோது 34 வயது. அவருக்கு எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டால், "வெள்ளை படுதுன்னு போனேன், எடுத்துடச் சொன்னாங்க" என்றார்.

இது எங்கள் ஊர் கதை மட்டும் இல்லை. 2019 - 21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயதிலிருந்து 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள். பக்கத்தில் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது இன்னும் அதிகம். மகாராஷ்டிராவில் பீட் என்று ஒரு மாவட்டம். வறண்ட பூமி. அங்கிருந்து கரும்பு வெட்ட புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்து ஒரு அரிவாளாகக் கணக்கு வைத்து, முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு வந்தால் வயலில் மறைவிடம் இல்லை, தண்ணீர் இல்லை, படுத்தால் கூலியும் போய் அபராதமும் கட்ட வேண்டும். அதனால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுக் கரும்பு வெட்டப் போனார்கள். 2019-ல் அரசாங்கம் குழு போட்டு 82,000-க்கும் அதிகமான பெண்களிடம் விசாரித்ததில், 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்று தெரிய வந்தது. கூலிக்காக உடம்பிலிருந்து ஒரு உறுப்பை எடுத்தார்கள். அதற்கும் கடன்தான், முன்பணம்தான். அந்தக் கடனை அடைக்க அடுத்த வருடமும் கரும்பு வெட்டப் போக வேண்டும்.

நம் பக்கம் அப்படி இல்லை என்று நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். அங்கே வயிற்று வலி என்றால் பேர் எழுதாத மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்து வேலை செய்யச் சொல்கிறார்கள் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசி 2019-ல் ஒரு செய்தி வந்தது. உங்கள் பெண் லீவில் வரும்போது கேட்டுப் பாருங்கள், என்ன மாத்திரை சாப்பிட்டாய், உறை இருக்கிறதா என்று.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறோம். கடன் உண்டு, ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவோம் என்றோம். அவர் வரமாட்டேன் என்றார். கூட்டத்தில் நிற்க முடியாது, நாலு தடவை அலைய விடுவார்கள், அதற்குள் நாலு நாள் கூலி போகும் என்றார். அதுவும் உண்மைதான். அதனால் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போனோம். ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் அக்காவோடு உட்கார்ந்திருக்க. பஸ் காசு குழுவின் வட்டிப் பணத்திலிருந்து.

முதலில் ரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. அக்காவுக்கு 6.4. "இந்த ரத்தத்தோட வேலைக்கு வேற போயிட்டிருந்தியாம்மா?" என்று டாக்டரம்மா எங்களைத்தான் முறைத்துப் பார்த்தார். அன்றைக்கே சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். பிறகு ஸ்கேன், தைராய்டு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, கர்ப்பப்பைக்குள்ளிருந்து துளி சதை எடுத்துக் கேன்சர் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. மொத்தம் ஐந்து தடவை போனோம். கேன்சர் இல்லை. கட்டி இருந்தது உண்மை. ஆனால் சின்னக் கட்டி, கேன்சர் கட்டி இல்லை. இந்த மாதிரிக் கட்டி எத்தனையோ பெண்களுக்கு அவர்களுக்கே தெரியாமல் இருக்கிறதாம். தைராய்டு குறைவாக இருந்தது. அது குறைந்தாலும் உதிரப்போக்கு அதிகமாகும் என்பது எங்களுக்கு அன்றுவரை தெரியாது. தைராய்டுக்கு மாத்திரை, போக்கு இருக்கிற நாட்களில் மட்டும் சாப்பிட ஒரு மாத்திரை, இரும்புச் சத்து ஊசி, பிறகு இரும்புச் சத்து மாத்திரை. ஆறு மாதத்தில் பன்னிரண்டு நாள் என்பது ஐந்து நாளாகக் குறைந்தது.

மொத்தச் செலவு 1,400 ரூபாய்க்குள். பாதி பஸ்ஸுக்கும் டீக்கும்.

ஆபரேஷன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் நோட்டில் எழுதிப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்கு 45,000. குறைந்தது இரண்டு மாதம் குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்க முடியாது. மாதம் இருபது நாள் வேலை, நாளைக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 12,000 போச்சு. தோட்டை வைத்து வாங்குகிற 20,000-க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும். ஒரு வருடத்துக்கு 7,200. எங்கள் உள்கடன் வட்டி தனி. ஒரு பெண் ஐந்து வருடம் கட்டிய சேமிப்பு மொத்தமும் ஒரே தீர்மானத்தில் போயிருக்கும், அதில் நாங்கள் பதின்மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருப்போம். காசு மட்டும் இல்லை. கர்ப்பப்பையோடு சேர்த்து முட்டைப்பையையும் எடுத்துவிட்டால் மாதவிலக்கு நிற்கிற வயதுக்கு முன்னாலேயே எலும்பு தேய ஆரம்பிக்கும், உடம்பு திகுதிகு என்று எரியும், தூக்கம் வராது என்று டாக்டரம்மா சொன்னார். 34 வயதில் எடுத்த எங்கள் உறுப்பினர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அதான் எனக்கு முழங்காலு இப்படி இருக்கா?" என்று கேட்டார். அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? அவருக்கு இரண்டையும் எடுத்தார்களா, ஒன்றை மட்டுமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. சீட்டு எதுவும் கையில் இல்லை.

ஆகவே கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கடன் கேட்டால், அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரின் சீட்டுக் கட்டாயம் என்று. நல்ல தீர்மானம் என்றுதான் நினைத்தோம். எங்களில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார்: "வண்டி வாங்க, போர் போடக் கடன் கேட்டா ஒரு கேள்வியும் இல்லாம குடுக்கறோம். பொம்பள உடம்புன்னா மட்டும் ரெண்டு சீட்டா? வலியில கெடக்கறவள சீட்டு வாங்கிட்டு வான்னு அனுப்புவீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு கூட்டம் இதே பேச்சு. கடைசியில் "கட்டாயம்" என்ற வார்த்தையை அடித்துவிட்டு, கடன் கேட்கிற உறுப்பினர் விரும்பினால் இரண்டு பேர் துணைக்குப் போக வேண்டும், போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் குழு கொடுக்க வேண்டும் என்று மாற்றினோம். அவசரம் என்றால் எதுவும் கேட்காமல் உடனே கடன். என்ன நோய் என்று கணக்கு நோட்டில் எழுதுவதும் இல்லை.

அந்த மூத்தவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அடுத்த வருடமே தெரிந்தது. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஆபரேஷன்னாலே ஏமாத்து வேலை" என்று பக்கத்துக் குழுவில் பேச்சு பரவிவிட்டது. 55 வயது அம்மா ஒருவர், மாதவிலக்கு நின்று நாலு வருடம் ஆனவர், திடீரென்று மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லியும் மூன்று மாதம் போகாமல் இருந்துவிட்டார். கேட்டால், "நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க" என்கிறார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நல்ல வேளை, கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். அவருக்கு ஆபரேஷன் உண்மையிலேயே தேவைப்பட்டது, செய்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஆகவே இங்கே இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் எங்கள் பேச்சைப் பாதியாகச் சொல்லிவிடாதீர்கள். கேன்சர் என்றால், மருந்துக்குக் கேட்காத பெரிய கட்டி என்றால், ஆபரேஷன்தான் வழி. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அடுத்த நாளே போய்க் காட்ட வேண்டும்.

எவ்வளவு போனால் அதிகம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நமக்குத்தான் வழக்கம் தெரியாதே, நம் அம்மாவும் சொல்லியதில்லை. ஏழு நாளுக்கு மேல் போனால், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கினோ துணியோ நனைந்து மாற்றும்படி இருந்தால், உறைந்த ரத்தம் பெரிய பெரிய துண்டாக விழுந்தால், ராத்திரி அதற்காகவே எழுந்திருக்க வேண்டியிருந்தால், அது பெரும்பாடு. படியேறினால் மூச்சு வாங்குகிறது, மண்ணைத் தின்னத் தோன்றுகிறது, நகம் வெளுத்திருக்கிறது என்றால் ரத்தசோகை. நம் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தப் பந்தலில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸம்மா கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை வாங்கிப் பரணில் போடாதீர்கள். டீயோடு சாப்பிட்டால் அது உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம்பழத் தண்ணீரோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக ஒட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். முப்பது வயது ஆனவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம். ஐந்து நிமிஷ வேலை. நாங்கள் 14 பேரும் செய்துகொண்டோம். முதல் ஆளாக யார் உள்ளே போவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டதையும் சொல்லிவிடுகிறோம்.

டாக்டர் "பையை எடுக்கணும்" என்றால் பயந்துவிடாமல் கேளுங்கள்: என்ன நோய், மருந்தில் சரியாகாதா, முட்டைப்பையையும் எடுப்பீர்களா, கேன்சர் என்றால் எந்தப் பரிசோதனையில் தெரிந்தது. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க 2022-ல் மத்திய சுகாதாரத் துறை வழிமுறை வெளியிட்டது. அதை எல்லா மாநிலமும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஸ்கேன் படத்தையும் சீட்டையும் கையோடு வாங்கி வந்து அரிசி டிரம்முக்கு மேலாவது வையுங்கள்.

தொழில் கணக்கிலும் ஒன்றை மாற்றினோம். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு பாக்கெட் இலவசம், அதற்கு மேல் வேண்டுமானால் அடக்க விலை. அலமாரியில் இருந்து எடுத்துக்கொண்டு டப்பாவில் காசைப் போட வேண்டியதுதான், யாரும் யாரையும் கேட்பதில்லை. இதனால் மாதம் கொஞ்சம் லாபம் குறைகிறது. தெரிந்துதான் செய்கிறோம். ஒரு மாதம் யாராவது வழக்கத்தைவிட அதிகமாக எடுத்திருந்தால் டப்பாக் கணக்கில் தெரிந்துவிடும். அப்போது பேர் கேட்காமல் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லுவோம், "இந்த மாசம் பாக்கெட் ஜாஸ்தி போயிருக்கு, யாருக்காவது பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணை வேணுமா?" என்று. போன வருடம் இப்படிக் கேட்டு ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்தார். பதினாறு வயது.

அக்கா மறுபடி ஓரம் ஒட்டும் மெஷினில்தான் இருக்கிறார். கடைசியாகப் பார்த்தபோது 11.2 இருந்தது, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். தப்பாகக் கேட்ட உறுப்பினர் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "நீ கேக்காம இருந்திருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்டி" என்றார். அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ள எங்களுக்கு இன்னும் மனசு வரவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

எங்கள் தீர்மானத்தின் நகல் முன் மேசையில் இருக்கிறது. உங்கள் குழுவில் போட வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நர்ஸம்மா இந்தப் பந்தலிலேயே ஹீமோகுளோபின் பார்க்கிறார். விரலில் ஒரு குத்துதான். மூன்று வரிசை போட்டிருக்கிறோம், குழு வாரியாக வாருங்கள்.